வீட்டுக் கணக்கை எழுதிய கைகள்

வருவாய் இவ்வளவு, செலவு இவ்வளவு என வரையறுத்து, இன்ன பொருளுக்கு இவ்வளவு என்று மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வாழ்வது நல்ல இல்லறத்தின் இலக்கணம் என்பது தமிழர் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட கருத்து. பொருள் வரும் வழி சிறிதாயினும் அது போகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்தினை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசனை நோக்கிக் கூறப்பட்ட பகுதியில் உள்ளது. காலப்போக்கில் அக்கருத்து அரண்மனையிலிருந்து இறங்கிக் குடிசைக்கு வந்தது. இன்று அது சிக்கனம் என்னும் பெயரால் ஏழைக்கே மிகுதியாகச் சொல்லப்படும் அறிவுரையாக விளங்குகிறது.

ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' என வழங்கும் சொல்லும் இவ்வாறே மேலிருந்து கீழே வந்ததாகும். சிறு தோற்பையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிப்பிறந்த அது, முதலில் அரசின் ஆண்டுக் கணக்கைக் குறித்தது; அதன் பின்னரே வீட்டுக் கணக்கையும் குறிக்கலாயிற்று. ஆயினும் அரசின் கணக்குக்கும் உழைப்பாளியின் வீட்டுக் கணக்குக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அரசு தன் செலவை மட்டுமன்றித் தன் வரியையும் தானே வகுத்துக் கொள்ளும். கூலி பெறுவோர் செலவை மட்டுமே வகுக்க இயலும். அவர்தம் வருவாயை வகுப்பவர் வேறொருவர். சில காலங்களில், சில நாடுகளில், அவர்களுடைய செலவையும் பிறரே பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டே அவர்தம் கூலியையும் முடிவு செய்தனர். நம் மலாயாத் தோட்டங்களும் அந்நாடுகளின் வரிசையில் அடங்குவனவே. எனவே, வீட்டுக் கணக்கை எவர் எழுதினர், எதற்காக எழுதினர் என ஆராய்வது வெறும் பழங்கதை ஆகாது.

பார்க்கம் ஊர்க் குருவானவர்

ஏழைக் குடும்பங்களின் வரவு செலவைக் குடும்பம் குடும்பமாக எழுதித் தொகுத்த முன்னோடிகளுள் ஒருவர் டேவிட் டேவிஸ் என்பவர். இவர் இங்கிலாந்தில் பெர்க்சயர் மாவட்டத்தைச் சேர்ந்த பார்க்கம் என்னும் சிற்றூரின் திருச்சபைக் குரு. 1787இல் தம் ஊரில் உழவுக் கூலிகளாய் இருந்த ஆறு குடும்பங்களின் கணக்கை எடுத்தார். பின்னர்ப் பிற ஊர்களிலிருந்தும் இத்தகைய கணக்குகளைத் திரட்டி, 1795இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அவர் கணக்கெழுதிய முறை இன்றும் கற்கத் தக்கது. மாவு, உப்பு, சவுக்காரம், மெழுகுவத்தி போன்ற வாரச் செலவுகளை ஒருபுறம் எழுதினார். வீட்டு வாடகை, விறகு, துணி, பிள்ளைப்பேறு, நோய் ஆகிய ஆண்டுச் செலவுகளை மற்றொரு புறம் எழுதினார். வாரக் கூலியை வாரச் செலவோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகத் தோன்றலாம். ஆண்டுச் செலவையும் சேர்த்த உடனே பற்றாக்குறை வெளிப்பட்டுவிடும். ஓயாது உழைத்தும், குடிக்காமலும் சூதாடாமலும் வாழ்ந்தும் ஒரு குடும்பம் கடனில் அழுந்துவது எவ்வாறு என்பதை இக்கணக்கு காட்டிற்று.

அந்நாளில் செல்வர் பலர், ஏழைகள் தேநீர் அருந்துவதைப் பெருங்குற்றமாகக் கூறிவந்தனர். வறுமைக்கு அவ்வாடம்பரமே காரணம் என்பது அவர்கள் வாதம். டேவிஸ் கணக்கைக் காட்டி விடையிறுத்தார். பசு வளர்க்கப் பொதுநிலம் இல்லை. ஆதலின் பால் இல்லை. மாவூறலுக்கு வரி மிகுதி. ஆதலின் வீட்டிலே மது காய்ச்சவும் வழியில்லை. எஞ்சியது வெந்நீரில் சில தேயிலைத் துணுக்குகளை இட்டு நிறமேற்றிய நீர் ஒன்றே. ஆடம்பரம் எனப் பழிக்கப்பட்டது, பிற யாவும் கைவிட்டுப் போன பின் எஞ்சிய கடைசிப் பொருளாக இருந்தது.

அடுத்து 1797இல் பிரெடரிக் ஈடன் என்னும் செல்வர், இத்தகைய கணக்குகள் பல அடங்கிய பெருநூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவர் கண்ட முடிவோ வேறு. வடபுலத்து ஏழைகள் ஓட்சுக் கூழும் உருளைக்கிழங்கும் உண்டு சிக்கனமாக வாழ்கின்றனர். தென்புலத்தார் வெள்ளை ரொட்டியை விடமாட்டாது துன்புறுகின்றனர். குறை கூலியில் மட்டுமன்று, செலவிடும் முறையிலும் உண்டு என அவர் எழுதினார். ஒரே வகைக் கணக்கு ஒருவர்க்குக் கூலி உயர்வுக்குச் சான்றாயிற்று. மற்றவர்க்கு ஏழையைத் திருத்தும் பாடமாயிற்று. வீட்டுக் கணக்கின் வரலாறு முழுவதிலும் இவ்விரு போக்குகளும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

டேவிஸ் நூல் வெளிவந்த அதே 1795ஆம் ஆண்டில், அதே பெர்க்சயர் மாவட்டத்தில், இசுபீனம்லாந்து என்னுமிடத்தில் நீதிபதிகள் கூடி ஓர் அட்டவணை வகுத்தனர். ஒரு கேலன் ரொட்டியின் விலை 1 ஷில்லிங் எனில், ஓர் ஆடவர்க்கு வாரம் 3 ஷில்லிங்கும், மனைவிக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 1 ஷில்லிங் 6 பென்சும் வருவாய் இருத்தல் வேண்டும். கூலி குறைந்தால் ஊர்நிதி ஈடு செய்யும் என்பது ஏற்பாடு. பண்ணையார் கொடுக்க வேண்டியதை ஊர் கொடுக்கிறது, ஆதலின் கூலி தாழ்கிறது என்று இதன்மேல் பின்னாளில் பெரும் பழி சுமத்தப்பட்டு, 1834இல் ஏழையர் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அப்பழி மிகையானது என்பார் இக்கால ஆய்வாளர் பலர். ஆயினும், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்பதை அட்டவணை ஒன்றால் பிறர் முடிவு செய்யும் வழக்கத்துக்கு இஃது ஒரு தொடக்கம் எனலாம்.

யார்க் நகரத்து 21 ஷில்லிங் 8 பென்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கணக்கு ஒரு கலையாக வளர்ந்தது. சாக்சனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்சியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 1857இல் ஒரு விதி கண்டார். பொதுவுடைமை அறிஞர் எங்கல்சு வேறு, இவர் வேறு. குடும்பம் வறியதாக ஆக, அதன் செலவில் உணவின் பங்கு பெருகும் என்பதே இவர் கண்ட விதி. ஏழையின் கணக்கில் வெட்டுவதற்கு வேறு இனமே இல்லை என்பது இதன் உட்பொருள்.

அந்நூற்றாண்டின் இறுதியில், 1899இல், சீபோம் ரௌன்ட்ரீ என்பவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் 11,560 குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தார். இவர் அந்நகரத்துச் சாக்லேட் ஆலை உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1901இல் வெளிவந்த இவர்தம் நூலில், கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம் உடல்வலிமை குன்றாது வாழ வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்சு தேவை எனக் கணக்கிட்டார். உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்சு, வாடகைக்கு 4 ஷில்லிங், துணி, எரிபொருள் முதலிய பிறவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்சு. அவ்வுணவில் இறைச்சிக்கடை இறைச்சி இல்லை. இத்தொகை மிகை என எவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே அதனை அவர் அவ்வளவு இறுக்கமாக வகுத்தார்.

இவ்வளவையொட்டி வாழும் குடும்பத்தின் நிலையை ரௌன்ட்ரீ விளக்கும் பகுதி நெஞ்சை உருக்குவது. அக்குடும்பத்தார் தொடர்வண்டியில் ஏறக் கூடாது. செய்தித்தாள் வாங்கக் கூடாது. அஞ்சல்தலை வாங்க வழியில்லாமையால் வெளியூரில் உள்ள பிள்ளைக்குக் கடிதம் எழுதக் கூடாது. கோயிலுக்குக் காணிக்கை இடக் கூடாது. தொழிற்சங்கத்துக்குச் சந்தா செலுத்தக் கூடாது. பிள்ளைக்கு ஒரு பொம்மையும் வாங்கக் கூடாது. இவற்றுள் ஒன்றைச் செய்தாலும் உணவில் குறைத்தே செய்தல் வேண்டும். இவ்வளவு இறுக்கிக் கணக்கிட்டும், திறன்பயிலாத் தொழிலாளியின் கூலி அத்தொகையை எட்டவில்லை என்பதே அவர் மெய்ப்பித்துக் காட்டியது.

பிற்காலத்தில் ரௌன்ட்ரீ தம் அளவையைத் தாமே மாற்றிக்கொண்டார். 1918இல் மனிதத் தேவைகளைப் பற்றி எழுதிய நூலில் தனிப்பட்ட சிறு செலவுகளுக்கும் இடம் தந்தார். 1936இல் யார்க் நகரை மீண்டும் ஆராய்ந்தபோது செய்தித்தாளும் வானொலியும் புகையிலையும் பட்டியலில் ஏறின. மனிதர் உயிரோடிருக்க எவ்வளவு வேண்டும் என்பது ஒரு கேள்வி. மனிதராய் வாழ எவ்வளவு வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்வியிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர அவ்வறிஞர்க்கு ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

மலாயாத் தோட்டத்தில் வகுத்த அளவை

இங்கிலாந்தில் அறிஞர்கள் இவ்வாறு கணக்கெடுத்த காலத்தில், அந்நாட்டார் ஆட்சி செய்த மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளியின் குடும்பச் செலவு கணக்கிடப்படலாயிற்று. தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் 1907இல் பிறந்தது. அதன்வழி இந்தியர் குடியேற்றக் குழு அமைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் கைவிடப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை ஓங்கியது. இந்திய அரசு 1922இல் குடியேற்றச் சட்டம் இயற்றி, அயல்நாடு செல்லும் தொழிலாளர் நலனில் கண்வைக்கத் தொடங்கிற்று. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்தார். அதே 1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், நியமக் கூலியை வகுக்கும் அதிகாரத்தைக் குடியேற்றக் குழுவுக்கு அளித்தது.

அக்கூலியை எவ்வாறு வகுப்பது? தொழிலாளியின் வீட்டுக் கணக்கே அளவுகோலாயிற்று. அரிசி, கறிச்சாமான், துணி, வீட்டுப் பண்டம், திருவிழா, சிறு சேமிப்பு எனப் பட்டியலிட்டு, வட்டார விலையில் கூட்டி, அதற்கேற்பக் கூலி நியமிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆடவர்க்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. பகாங் போன்ற எட்டாத் தொலைப் பகுதிகளில் ஆடவர்க்கு 58 காசு, பெண்டிர்க்கு 46 காசு.

இதனை முற்றிலும் தீயது எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தோட்டத்துக்குத் தோட்டம், துரைக்குத் துரை மாறிய கூலிக்கு ஓர் அடிவரம்பு கிடைத்தது. தொழிலாளிக்கும் திருவிழா உண்டு, சேமிப்பு வேண்டும் என்பதை அரசு ஏட்டிலேயே ஒப்புக்கொண்டது. ஆயினும் பட்டியலை எழுதிய கை எவருடையது? குடியேற்றக் குழுவில் அதிகாரிகளும் தோட்டத்துறையினரும் மிகுந்திருந்தனர். இருளோடு எழுந்து பெரட்டுக் களத்தில் நின்று, வாளியும் கத்தியுமாக மரத்தடிக்குப் போகும் எவரும் அதில் அமர்ந்ததில்லை.

எண்களே பல செய்திகளைக் கூறுகின்றன. 40 காசு என்பது 50 காசில் ஐந்தில் நான்கு பங்கு. அதே மரத்தை வெட்டி, அதே பாலைச் சுமந்து, வீடு திரும்பிச் சோறாக்கும் பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலும், மனைவியும் வேலைக்குப் போவாள் எனக் கொண்டால்தான் இருவர் கூலியும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வருவாயாகும். அவள் பிள்ளைப்பேற்றிலோ நோயிலோ படுத்துவிட்டால் கணக்கின் ஒரு தூண் சரிந்துவிடும். டேவிஸ் ஆண்டுச் செலவில் எழுதிய பிள்ளைப்பேறு, இங்கே செலவைக் கூட்டியதோடு வருவாயையும் குறைத்தது.

மாதக் கணக்கு எழுதுவதற்கும் இங்கே ஓர் அடிப்படைத் தடை இருந்தது. மாத வருவாய் தெரிந்தவரே மாதத் திட்டம் வகுக்க இயலும். தோட்டத் தொழிலாளி பெற்றது மாதச் சம்பளமன்று. மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கப்பட்ட நாட்கூலி. விடியலில் மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெயர் இல்லை. முன்பணமாகப் பெற்ற அரிசியின் விலை சம்பள நாளில் பிடிக்கப்படும். கடைப் பற்றுக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் எஞ்சியதே கைக்கு வரும். இத்தகைய வீட்டில் கணக்கு எழுதப்படாமைக்கு எழுத்தறிவின்மை மட்டும் காரணமன்று. மாதம் முடியும் வரை வருவாயே தெரியாத இடத்தில் திட்டம் எவ்வாறு பிறக்கும்?

விலை சாய்ந்தபோது

பட்டியலைக் கொண்டு கூலி வகுக்கும் முறையின் மறுபக்கம் 1930இல் வெளிப்பட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. அவ்வாண்டே நியமக் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு, ஆடவர்க்கு 40 காசும் பெண்டிர்க்கு 32 காசும் ஆயிற்று. உணவுப் பொருள்களின் விலை இறங்கியதும் இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

மாதத்துக்கு 24 நாள் வேலை எனக் கொண்டு பார்த்தால், கணவன் பெற்ற 12 வெள்ளியும் மனைவி பெற்ற 9 வெள்ளி 60 காசும் சேர்ந்து முன்னர் 21 வெள்ளி 60 காசு வந்தது. குறைப்புக்குப் பின் கணவனுக்கு 9 வெள்ளி 60 காசு, மனைவிக்கு 7 வெள்ளி 68 காசு. கூடுதல் 17 வெள்ளி 28 காசு. கணவனின் புதிய கூலி மனைவியின் பழைய கூலிக்குச் சமமாயிற்று. மாதம் 4 வெள்ளி 32 காசு குறைந்தது. அரிசி விலை இறங்கியது உண்மையே. ஆயினும் ஊரில் வாங்கிய கடனும் அதன் வட்டியும் அரிசி விலையோடு இறங்குவன அல்ல. கடைக்காரரின் பழைய பற்றும் அவ்வாறே. பல தோட்டங்களில் அந்தக் குறைந்த அளவும் கிடைக்கவில்லை. ஆயிரமாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 50 காசு, 40 காசு என்னும் பழைய விகிதத்தை மீட்டளிக்க வேண்டும் என்பது 1937இல் வெளியான அவர் அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று. அவ்வாறே கூலி மீண்டது. ஆனால் ரப்பர் விலை மீண்டும் தளர, 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை அதிகாரிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கூலி உயர்வு முதலில் நின்றது. அதனை அடுத்துப் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, தக்க மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்டிரைத் துன்புறுத்துதலை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்னும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை தொடர்ந்தன. இராணுவம் வரவழைக்கப்பட்டு வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரிசியும் துணியும் எழுதியவர்கள் எழுதாது விட்ட இனங்களையே அத்தொழிலாளர் தம் கையால் எழுதிச் சேர்த்தனர் எனலாம்.

ஜப்பானில் இல்லத்தரசியின் ஏடு

வீட்டார் தம் கணக்கைத் தாமே எழுதும் வழக்கம் ஓர் இயக்கமாக வளர்ந்ததற்குச் சிறந்த சான்று ஜப்பானில் உள்ளது. அந்நாட்டின் முதற்பெண் செய்தியாளர்களுள் ஒருவரான ஹனி மோட்டோகோ 1873இல் பிறந்தவர். அவரும் கணவரும் 1903இல் குடும்ப இதழ் ஒன்றைத் தொடங்கினர். 1904இல் இல்லத்தரசிகளுக்கான வீட்டுக் கணக்கேட்டை அவர் வகுத்து வெளியிட்டார். 'கக்கெய்போ' என அது வழங்கும்.

செலவான பின் எழுதுவது அவர் நோக்கமன்று. உணவு, உடை, கல்வி, நட்புறவு என இனம் இனமாக முன்னரே ஒதுக்கி, ஒதுக்கிய எல்லைக்குள் வாழப் பழகுவதே அவர் கற்பித்த முறை. கல்விக்கும் நட்புக்கும் கணக்கில் தனி வரி இருந்தது நோக்கத்தக்கது. எந்த இனம் முக்கியம் என்பதை அவ்வீட்டுப் பெண்ணே முடிவு செய்தாள். ஹனி மோட்டோகோ 1957இல் மறைந்தார். அவர் வகுத்த ஏடு அதன் பின்னரும் தொடர்ந்து வெளிவந்தது.

இதற்கும் ஒரு நிழல் உண்டு. போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு சேமிப்பு இயக்கத்தை முடுக்கிவிட்டபோது, இல்லத்தரசிகளின் சிக்கனமும் கணக்கேடும் போர் நிதிக்குத் துணையாக்கப்பட்டன. தன் கையால் எழுதிய கணக்கையும் பிறர் தம் நோக்கத்துக்குத் திருப்பிவிட இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் மாறிய கை

போருக்குப் பின் மலாயாவில் நிலை மெல்ல மாறிற்று. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி பிறந்தது. தொடக்கத்தில் தொழிலாளி கூலியில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். முதுமைக்கான சேமிப்பு என்னும் வரி, கடைப் பற்று தின்றுவிடாதபடி கணக்கின் தலைப்பிலேயே நிலைபெற்றது.

1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தொழிலாளர் தவித்தனர். அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்திய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. வேறெவரும் எழுதியிராத ஒரு வரியை, 'நிலத்துக்கு' என்னும் வரியை, பல்லாயிரம் வீடுகள் தம் கணக்கில் எழுதிய நிகழ்ச்சி அது.

இதனோடு கூட்டு என்னும் சீட்டுப்பணத்தையும் நினைத்தல் வேண்டும். மாதந்தோறும் ஒரு தொகை போட்டுக் குலுக்கல் முறையில் எடுக்கும் அவ்வழக்கத்தில் திருமணங்கள் நடந்தன, மோசடிகளும் நடந்தன. 1971இல் அதனைத் தடைசெய்து இயற்றப்பட்ட மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச் சொல் அமைந்திருப்பது, அவ்வழக்கம் எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். சேமிக்கத் தெரியாதவர் என்னும் பழிக்கு அச்சொல்லே ஒரு மறுப்பு.

கூலியை வகுக்கும் அவையும் மாறிற்று. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியக் கூலி ஆலோசனை மன்றத்தில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினர்க்கும் இடம் உண்டு. அதன் வழி 2012இல் வந்த ஆணை, தீபகற்ப மலேசியாவுக்கு மாதம் 900 ரிங்கிட் எனக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்தது. அதனைக் கணக்கிட்டபோது வறுமைக்கோட்டு வருமானமும், ஒரு வீட்டில் எத்தனை பேர் உழைக்கின்றனர் என்பதும் கருதப்பட்டன. மனைவியும் உழைப்பாள் எனக் கொள்வதா என்னும் பழைய கேள்வி புதிய உருவில் அங்கும் நிற்கிறது.

பட்டியலில் எவை இடம்பெறுகின்றன என்பது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு 2020ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தக்க சான்று. அவ்வாண்டு மலேசிய அரசு வறுமைக்கோட்டை அளக்கும் முறையைத் திருத்தியது. 980 ரிங்கிட்டாக இருந்த வீட்டு வருமான அளவு 2,208 ரிங்கிட்டாயிற்று. 2016ஆம் ஆண்டுக்கு 0.4 விழுக்காடு என முன்னர்க் கூறப்பட்ட வறுமை, புதிய அளவையில் அதே ஆண்டுக்கு 7.6 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அவ்வீடுகளில் அரிசிப் பானை மாறவில்லை. அளந்த படி மாறியது.

கணக்குப் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய இல்லங்கள் பெறத்தக்கன சில உண்டு. மாதக் கணக்கில் மாதச் செலவை மட்டும் எழுதினால் அது டேவிஸ் கண்ட பொய்ச் சமநிலையே ஆகும். தீபாவளி, பள்ளித் தொடக்கம், வாகன வரி, ஊர்ப்பயணம் ஆகிய ஆண்டுச் செலவுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். நாட்கூலியோ மிகைநேர ஊதியமோ பெறுவோர், நல்ல மாதத்தின் வருவாயைக் கொண்டு திட்டமிடாது, மிகக் குறைந்த மாதத்தின் வருவாயைக் கொண்டு திட்டமிடுதல் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே ஏட்டில் எழுதுதல் வேண்டும். ரௌன்ட்ரீயின் முதற்பட்டியல் விட்டுவிட்ட செய்தித்தாளுக்கும் நூலுக்கும் சங்கச் சந்தாவுக்கும் பிள்ளையின் விளையாட்டுப் பொருளுக்கும், தொகை எத்துணைச் சிறிதாயினும், ஒவ்வொரு வரி இருத்தல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் வரவும் செலவும் நெடுநாளாய் உண்டு. ஒருவர் சம்பளம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் எவ்வளவு எனக் கேட்பது வழக்கம். அக்கேள்வியோடு ஆசிரியர் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். இப்பட்டியலில் விடுபட்டது எது? மிச்சம் வராவிடின், குறைக்க வேண்டியது செலவையா, கேட்க வேண்டியது கூலியையா? முதற்கேள்விக்கு விடை காணும் மாணவர் சிக்கனத்தை அறிவர். இரண்டாவதற்கு விடை தேடுபவர், தம் வீட்டு ஏட்டையே சான்றாக ஏந்திக் கூலி பேசும் அவையில் அமரத் தகுதி பெறுவர். பார்க்கம் ஊரின் ஆறு குடும்பங்களுக்காக ஒரு குருவானவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் அதனைத் தாமே எழுத வல்லவர் ஆதல் வேண்டும்.